வீட்டுத் தோட்டத்துக்குத் தேரைகள் வருகின்றன, கைக்குழந்தை இருக்கிறது, எப்படி விரட்டுவது?

விரட்டாதீர்கள். கைக்குழந்தை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, "தேரை விழுந்துவிடும்", அதாவது தேரை மேலே பாய்ந்தால் பிள்ளை இளைத்துவிடும் என்று வீட்டில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

என் மகளுக்கும் இதையேதான் சொன்னார்கள். தஞ்சாவூர்ப் பக்கம், கொல்லையில் கிணறும் துவைகல்லும் உள்ள பழைய வீடு. எட்டு மாதக் குழந்தைக்கு எடை ஏறவில்லை, கைகால் சூம்பியிருந்தது. "பிள்ளை மேல தேரை பாஞ்சிருக்கும்மா" என்றார் அத்தை. மறுநாளே கல்லுப்பும் துடைப்பமுமாக ஓர் ஆள் வந்து நின்றார். தேரையும் ஒரு தவளைதான். தவளைக்குத் தோல்தான் தண்ணீர் குடிக்கிற வாய். உப்பு பட்டால் துடித்துச் சாகும். நான் கொல்லைக் கதவைத் திறக்கவே இல்லை.

குழந்தை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்பதுதான். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைந்த சாதம், பருப்பு எல்லாம் தொடங்கியிருக்க வேண்டும். "பல்லு முளைக்கட்டும்" என்று பெரியவர்கள் தள்ளிப்போட்டிருந்தார்கள். பருப்பும் முட்டையும் நெய்யும் உள்ளே போன பிறகு பிள்ளை தேறிவிட்டாள். தேரைகள் அப்போதும் அங்கேயேதான் இருந்தன. தேங்காயில் பருப்பு இல்லாவிட்டாலும் பழி தேரைக்குத்தான். ஓட்டைத் துளைத்துக்கொண்டு எப்படிப் போகுமாம்?

சொல்ல வந்தது வேறு, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வளைகாப்புக்கு மண்டபம் பிடிக்கிற குடும்பங்கள், பிள்ளையை அங்கன்வாடியில் எடை போட்டுப் பார்க்க ஆட்டோ காசுக்கு யோசிக்கின்றன. பிள்ளை இளைத்தால் மட்டும் எல்லோரும் தாயின் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது ஐப்பசி மழை பிடித்தால் நானும் மகளும் டார்ச்சோடு கொல்லையில் உட்கார்ந்துவிடுவோம். பகலில் வெளிறிக் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கும் தேரை, இரவில் சுவரேறும். தாவும்போதுதான் தொடையின் பின்புறத்து மஞ்சள் புள்ளிகள் தெரியும். பூச்சியை விழுங்கும்போது கண்ணிரண்டும் உள்ளே அமுங்கும், அந்தக் கண்களும் இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. தொட்டிச் சுவரில் பெண் தேரை பின்னங்காலால் அடித்து அடித்து வெள்ளை நுரைக்கூடு கட்டும். முட்டைகள் அதற்குள் இருக்கும். சில நாளில் நுரை கரைந்து தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். அதைப் பார்க்க மகள் பள்ளியிலிருந்து ஓடிவருவாள்.

பாம்பு வருமே என்று கேட்பீர்கள். தண்ணீர்ப்பாம்பு வரலாம், மறுக்கவில்லை. எலிக்கும்தான் பாம்பு வருகிறது. இருட்டில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள். நான் விலங்கியல் படித்தவள் இல்லை, ஆனால் வயலில் பூச்சி தின்னத் தவளை வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தவளைக்கால் ஏற்றுமதியை அரசே 1987-இல் தடை செய்தது.

தொட்டால் கை கழுவச் சொல்லுங்கள். சொறித்தவளைக்குக் கண்ணுக்குப் பின்னால் நஞ்சுச் சுரப்பி உண்டு, குழந்தை வாயில் வைத்துவிடக் கூடாது. குளியலறைக்குள் வருவதுதான் தொல்லை என்றால் ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பதை மக்கால் மூடி, அடியில் ஓர் அட்டையைச் செருகி, செடியடியில் விடுங்கள். ஃபினாயில் மட்டும் ஊற்றாதீர்கள்.