அம்மாவை ஓட்டல் அறையில் விட்டுவிட்டு…

அன்புள்ள அக்கா,

மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் (71) அம்மாவும் (66) கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார்கள். ஜூன் இரண்டாவது வார இறுதியில் இவர்களையும் மனைவியையும் எட்டு வயது மகளையும் ரோமுக்கு அழைத்துப் போகிறேன். வெள்ளி இரவு போய் இறங்கி, ஞாயிறு இரவு கிளம்புகிறோம். பார்க்கவேண்டிய 17 இடங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். வத்திக்கானை முதலில் பார்ப்பதா, கொலோசியத்தையா? அம்மாவுக்கு முழங்கால் வலி. "நான் ரூம்லயே இருந்துக்கறேன், நீங்க பாத்துட்டு வாங்க" என்கிறார். அப்படி விட்டுப்போகலாமா? அப்பா சுத்த சைவம். தஞ்சைப் பெரிய கோயிலைவிடப் பெரிதாக அங்கே என்ன இருக்கிறது என்று வேறு கேட்கிறார்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

முதல் கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும்தான் விதிவிலக்கு. நீங்கள் போவது இரண்டாவது வாரம். ஆகவே சனிக்கிழமை வத்திக்கான். காலை 8 மணிக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியை இலவசமாகத் தருவார்கள். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்காதீர்கள், வாங்கி உட்கார வையுங்கள். மைக்கேலாஞ்சலோ கூரை ஓவியம் வரைந்த சிஸ்டைன் சிற்றாலயத்துக்குப் போய்ச் சேர நீளநீளமான கூடங்கள் பலவற்றைக் கடக்கவேண்டும்.

இனி அந்தப் பட்டியல். இரண்டு பகலில் 17 இடங்கள்! சாப்பாடு, கழிப்பறை, வரிசை எல்லாம் போக ஒரு இடத்துக்கு அரை மணி நேரம்கூடத் தேறாது. இந்தக் கணக்கில் இடிப்பது அம்மாவின் முழங்கால் என்று நினைக்கிறீர்கள். பட்டியல்தான் இடிக்கிறது. அம்மா "ரூம்லயே இருந்துக்கறேன்" என்றால் "என்னால் உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்" என்று அர்த்தம். இதை ஒரு மகனுக்கு நான் விளக்கவேண்டியிருக்கிறது. விட்டுப்போகக் கூடாது. கும்பகோணத்திலிருந்து வந்தவர் ரோமில் ஓட்டல் சுவரையா பார்ப்பார்?

ஸ்பானியப் படிகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். 2019 முதல் அந்தப் படிகளில் உட்காரத் தடை, மீறினால் அபராதம். ட்ரெவி நீரூற்றுக்கு விடிகாலையில் போகமுடிந்தால் போங்கள், இல்லையென்றால் வேண்டாம். கொலோசியத்தைச் சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் வெளியிலிருந்து பாருங்கள். உள்ளே போயே தீர்வேன் என்றால் நீங்களும் மகளும் மட்டும், ஞாயிறு காலை முதல் நேரத்தில். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் சரிபார்ப்பார்கள். இனிஷியல் போட்டு எடுக்காமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எடுங்கள். மகளுக்குக் கட்டணமில்லை, ஆனாலும் அவளுக்கும் அந்தப் பூஜ்ய யூரோ டிக்கெட்டைப் பதிவு செய்தாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பழைய நகரத்தின் தெருக்களில் சம்பியெத்ரீனி என்ற கருங்கல் பாவியிருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கட்டிகள், நடுவில் இடுக்கு, மழை பெய்தால் வழுக்கும். செருப்பு உதவாது. அம்மாவுக்குத் தடித்த ரப்பர் அடி வைத்த ஷூவை இப்போதே வாங்கி, பத்து நாள் போட்டுப் பழக்குங்கள். நீங்கள் ஐந்து பேர். சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான் ஏறலாம். பெரிய வண்டி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். நசோனி என்னும் இரும்புக் குழாய்கள் தெருவெங்கும் ஓடிக்கொண்டிருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு மேலெழும், குனியாமல் குடிக்கலாம். மகள் உங்களை நனைத்துவிடுவாள், பரவாயில்லை.

நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்காக. உங்கள் பட்டியலில் அது 14ஆவதாக, "15 நிமிடம்" என்ற குறிப்போடு இருக்கிறது. பதினைந்து நிமிடமாம்!

முழங்கால் வலிக்காரருக்கென்றே கட்டியதுபோன்ற இடம் தம்பி அது. ஏறிப் பார்க்க மாடி இல்லை, நடந்து தீர்க்கக் கூடம் இல்லை. ஒரே அறை. நுழைந்ததும் எல்லாம் கண்ணெதிரே. இது இப்போது தேவாலயம் என்பதால் பெஞ்சும் உண்டு. குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சியின் உயரமும் அதே. உள்ளே ஒரு பெரும் பந்தை வைத்தால் கச்சிதமாக உட்காரும். உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகல வட்டத் திறப்பு, கண்ணாடி கிடையாது. சூடான காற்று மேலெழுவதால் மழை உள்ளே விழாது என்று வழிகாட்டிகள் சிலர் அளப்பார்கள். விழும். தரை லேசாகச் சரிந்திருக்கிறது. தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடும் வேலையை மகளிடம் விடுங்கள். மேலே குழிச் சதுரங்கள் வரிசைக்கு 28 வீதம் 5 வரிசை, அதையும் எண்ணட்டும்.

கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடத்தில் இன்றுவரை உலகிலேயே பெரியது இதுதான். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 125 வாக்கில் முடிந்தது. எப்படி நிற்கிறது? அடியில் சுவர் கிட்டத்தட்ட 6 மீட்டர் கனம், திறப்பின் விளிம்பில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். கலவையும் ஒன்றல்ல. கீழே கனத்த கல்லையும் செங்கல்லையும் போட்டவர்கள், மேலே போகப்போக எடை குறைத்து உச்சியில் நுரைக்கல்லைச் சேர்த்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள்: பெரிய கோயில் விமானம் கல்மேல் கல்லை அடுக்கி ஏறியது, இது குழைத்து வார்த்தது. எது பெரிது என்று கேட்பது தேங்காயையும் பலாவையும் தராசில் வைப்பது போல. அதற்குமேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

நேரம்தான் முக்கியம். ஞாயிறு காலைத் திருப்பலி நடக்கும்போது பார்வையாளர்களை விடமாட்டார்கள். நீங்கள் பன்னிரண்டரைக்கு உள்ளே இருங்கள். கட்டணம் உண்டு, மகளுக்கு இலவசம். உச்சித் திறப்பின் வழியாக வரும் வெயில் வட்டம் குளிர்காலத்தில் தரையைத் தொடுவதே இல்லை. கூரையிலேயே சுற்றிவிட்டுப் போய்விடும். கோடையில், ஜூன் வாக்கில், நன்றாகத் தரைக்கு இறங்கும். நுழைபவருக்கு வலக்கைப் பக்கச் சுவரிலிருந்து பதினொன்றே முக்கால் வாக்கில் இறங்கி, வாசலை ஒட்டிய தரையைக் கடந்து, இரண்டரைக்கு மேல் இடப்பக்கச் சுவரில் ஏறிவிடும். உச்சிப்பொழுது என்று 12 மணிக்குப் போய் நின்று ஏமாறுகிறவர்கள் நிறைய. கோடை நேரக் கணக்கில் ரோமில் சூரியன் உச்சிக்கு வருவது 1 மணி 10 நிமிடம் வாக்கில்.

எல்லோரும் அந்த வெளிச்சத்துக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் வட்டத்தின் விளிம்பில், நிழல் பக்கம் ஷூ நுனியை வைத்து நில்லுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண் நகரும். பூமி சுற்றுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வெளியே வந்தால் ஐந்து நிமிட நடையில் சாந்த் இக்னாசியோ தேவாலயம். அங்கேயும் ஒரு குவிமாடம், ஆனால் பொய். 1685இல் ஓவியர் ஆந்திரேயா பொத்சோ தட்டையான துணியில் வரைந்தது. நடுக்கூடத்துத் தரையில் குறி வைத்த இடத்தில் நின்றால் நிஜக் குவிமாடமாகவே தெரியும். முன்னால் நடக்க நடக்கச் சாய்ந்து கோணலாகிவிடும். படம் எடுக்கக் கண்ணாடி வைத்திருப்பார்கள், அதற்கு ஒரு பெரிய வரிசையும் நிற்கும். வரிசையை விட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள். இங்கே கட்டணமில்லை, பெஞ்சும் உண்டு.

அப்பாவின் சாப்பாடு: 'காச்சோ இ பெப்பே' என்ற பாஸ்தாவில் சீஸும் மிளகும்தான், கறி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதில் போடும் பெக்கொரீனோ சீஸை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். அதைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள். மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது. தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓரிகானோ. சுப்ளி என்ற சோற்று உருண்டையில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். மிளகைப் பற்றி ஒன்று சொல்லுங்கள், அப்பாவுக்குப் பிடிக்கும். பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில், மாக்ஸென்டியஸ் பசிலிக்கா என்ற மண்டபத்தின் அடியில் ரோமானியரின் மிளகுக் கிடங்கு இருந்தது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று அகநானூறு சேரநாட்டு முசிறித் துறைமுகத்தைப் பற்றிச் சொல்கிறதே, அந்தச் சரக்கு போய்ச் சேர்ந்த ஊர் இது.

பாந்தியனில் அம்மாவை உட்காரவைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெஞ்சுகள் பலிபீடத்தைப் பார்த்து இருக்கும், வெயில் வட்டமோ முதுகுக்குப் பின்னால் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். கடைசி வரிசையில், நடுவழியை ஒட்டிய ஓரத்து இடமாகப் பாருங்கள். அங்கேதான் காலை நீட்டிக்கொண்டு திரும்பி உட்காரமுடியும்.