கம்பிக்கு ஆள் தெரியாது

கேள்வி: டிப்ளமோ முடித்துவிட்டு, கோவை கணபதியில் தாய்மாமா நடத்தும் பட்டறையில் வேலை செய்கிறேன். பம்பு கேசிங்குகளுக்கு (பம்பின் வெளிக்கூடு, வார்த்து வரும் காஸ்டிங்) ஓட்டை போட்டு மரை வெட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். ஒவ்வொரு காஸ்டிங்கையும் மார்க் பண்ணி, வைஸில் கட்டி, ஓர் ஓட்டைக்கு ஒரு தடவை திருப்பித் திருப்பி வைத்துப் போடுவோம். நான் காஸ்டிங்கைக் கவிழ்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு ஜிக், அதாவது டிரில் சரியான இடத்தில் இறங்கும்படி பிடித்துக்கொள்ளும் சட்டம், செய்தேன். ஒரே பிடியில் நான்கு ஓட்டையும் முடிந்துவிடும். பட்டறையே சிரிக்கிறது. "காஸ்டிங்குக்குச் சிரசாசனம் சொல்லிக்கொடுக்கிறான்" என்று மேஸ்திரி கிண்டல் செய்கிறார். போன வாரம் மாமா அதைக் கழற்றி ஸ்கிராப் பக்கம் போட்டுவிட்டார். இதை விட்டுவிடவா, இல்லை தனியாகப் பட்டறை போடவா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் பழைய இரும்புக்காரர் வருவதற்குள் அந்த ஜிக்கை எடுத்து, துடைத்து, எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள்.

மேஸ்திரியின் சிரசாசனத்தைப் படித்ததும் எனக்கு டிக் ஃபாஸ்பரி ஞாபகம் வந்தார். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக்காரர், உயரம் தாண்டுபவர். அவர் பள்ளியில் படித்த காலத்தில் நல்ல தாண்டுபவர்கள் எல்லோரும் வயிறு கம்பியைப் பார்க்க, குப்புறப் புரண்டு தாண்டுவார்கள். ஸ்ட்ராடில் என்று பெயர். ஃபாஸ்பரிக்கு அது வரவே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்தபடி ஒவ்வொரு காலாக வீசித் தாண்டும் பழைய கத்தரிக்கோல் முறைக்கே திரும்பினார். 1963இல் கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊரில் நடந்த போட்டியில், கம்பியை உயர்த்த உயர்த்த, இடுப்பு தட்டாமல் இருக்கத் தோளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்த்துக்கொண்டே போனார். அன்றைக்குள்ளேயே அரையடி கூடுதலாகத் தாண்டிவிட்டார். இது செல்லுமா செல்லாதா என்று மற்ற பள்ளிகளின் கோச்சுகள் சண்டைக்கு வந்தார்கள். விதிப்புத்தகம் கேட்டது ஒன்றுதான்: ஒற்றைக் காலில் எம்ப வேண்டும். அதை அவர் மீறவில்லை.

அடுத்த ஓரிரு வருடத்தில் முழுக்க முதுகு கம்பியைப் பார்க்க, தலை முதலில் போகும்படி ஆகிவிட்டது அந்தத் தாண்டல். உள்ளூர்ப் பத்திரிகைக்காரருக்கு அது படகுக்குள் விழுந்து துள்ளும் மீன் மாதிரி தெரிந்தது. இன்னொரு பத்திரிகை அவரை உலகத்திலேயே சோம்பேறியான உயரம் தாண்டுபவர் என்றது. உங்கள் மேஸ்திரி எவ்வளவோ தேவலை.

அது ஏன் வேலை செய்தது என்று பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும். வளைவாக ஓடி வந்து, முதுகை வில்லாக வளைத்துப் போகும்போது உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் கம்பிக்கு மேலே இருக்க வேண்டியதில்லை. இடுப்பு உச்சியில் இருக்கும்போது தலை அந்தப்பக்கம் இறங்கிவிட்டது. கால்கள் இந்தப்பக்கம் இன்னும் கீழே தொங்குகின்றன. ஆக, உடம்பின் எடைமையம் கம்பிக்குக் கீழே போனாலும் ஆள் மேலே தாண்டிவிடலாம். பின்னால் அவர் கல்லூரியில் எடுத்துப் படித்தது சிவில் எஞ்சினியரிங்.

இந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன.

ஒன்று, மெத்தை. முன்பெல்லாம் அந்தப்பக்கம் மணலும் மரத்தூளும்தான் இருக்கும். காலிலோ கையிலோ இறங்கினால்தான் பிழைத்தோம். கழுத்திலும் முதுகிலும் விழுகிற முறையை அங்கே எவன் பழகுவான்? ஃபாஸ்பரி படித்த மெட்ஃபோர்டு பள்ளிக்கு ஃபோம் மெத்தை மற்ற பள்ளிகளுக்கு முன்பே வந்துவிட்டது. அதே காலத்தில் கனடாவில் டெபி பிரில் என்ற பெண்ணும் இவரைப் பார்க்காமல் தானாகவே மல்லாந்து தாண்டப் பழகிக்கொண்டிருந்தார். விழுந்தால் அடிபடாது என்று ஆனதும் ஆளுக்கொரு மூலையில் ஒரே யோசனை முளைத்திருக்கிறது.

உங்களுக்கு மெத்தை எது? வார்ப்பில் குறை என்று ஒதுக்கிய காஸ்டிங்குகள். மாமாவிடம் ஜிக்குக்கு அனுமதி கேட்காதீர்கள். ரிஜெக்ட் ஆன பத்து இருபது கேசிங்கும், வேலை முடிந்தபின் டிரில்லிங் மெஷினில் ஒரு மணி நேரமும் கேளுங்கள். அது சின்ன உதவி, மறுக்க மாட்டார். பார்ட்டி கொடுத்த நல்ல காஸ்டிங்கில் நீங்கள் பரிசோதனை செய்திருந்தால், அவர் கழற்றிப் போட்டது சரிதான் என்பேன். ஓட்டை தப்பினால் பணம் கட்டுவது அவர்.

இரண்டாவது, கல்லூரிக் கோச். ஒரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கோச் பெர்னி வாக்னர், ஃபாஸ்பரியை மரபான முறைக்குத் திருப்பத்தான் பார்த்தார். பயிற்சியில் என் முறை, போட்டியில் உன் முறை என்று கொஞ்ச நாள் போயிற்று. அப்புறம் கோச் ஒருநாள் இவர் தாண்டுவதைப் படம் பிடித்துப் போட்டுப் பார்த்தார். கம்பிக்கு மேலே அரையடி இடைவெளி தெரிந்தது. அத்தோடு வாதம் முடிந்தது. ஃபாஸ்பரி பேசி ஜெயிக்கவில்லை. மாமா மாதிரி ஓர் ஆள் தன் கண்ணால் அளந்து பார்த்து மனம் மாறினார்.

1968 அக்டோபர் 20, மெக்சிகோ ஒலிம்பிக் இறுதிப் போட்டி. 2.22 மீட்டர் வரை ஒரு தடவைகூடக் கம்பியைத் தட்டாமல் போனார். 2.24இல் இரண்டு முறை தட்டிவிட்டு, மூன்றாவதில் தாண்டினார். தங்கம், ஒலிம்பிக் சாதனை. அதற்கப்புறமும் அமெரிக்க ஒலிம்பிக் கோச் ஒருவர், பிள்ளைகள் இவரைப் பார்த்துப் பழகினால் ஒரு தலைமுறையே கழுத்து முறிந்து போகும் என்றார். நான் அவரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். எல்லாப் பள்ளியிலும் அப்போது மெத்தை இல்லை.

இந்த இடத்தில் மேஸ்திரிக்காகவும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அவர் சிரிப்பை விடுங்கள், பயம் என்ன என்று கேளுங்கள். கவிழ்த்துப் பிடித்த காஸ்டிங் டிரில் இறங்கும்போது கழன்று சுற்றினால் விரல் போய்விடும். கிளாம்பு இரண்டு போதுமா, மூன்று வேண்டுமா என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். "மேஸ்திரி, இது எங்கே கழலும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கிண்டல் செய்கிறவர் பத்து நிமிடத்தில் ஸ்பேனரோடு வந்து நிற்பார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஃபாஸ்பரி உலக சாதனையைத் தொட்டதே இல்லை. அடுத்த ஒலிம்பிக்கில், 1972இல், தங்கம் வாங்கிய யூரி தார்மாக் பழைய ஸ்ட்ராடில் தாண்டியவர். 1978 வரைகூட யாஷ்செங்கோ என்ற சோவியத் இளைஞர் அதே பழைய முறையில் 2.34 தாண்டி உலக சாதனை செய்தார். பழைய முறை மட்டமானது என்று யாரும் நிரூபிக்கவில்லை. புதியதைப் பழகுவது பலருக்கு எளிதாக இருந்ததால் மெல்ல மெல்ல எல்லோரும் அந்தப்பக்கம் போனார்கள். ஆகவே மாமாவின் முறையை மட்டம் தட்டாதீர்கள். அதில்தான் இத்தனை வருடம் பட்டறை நடந்திருக்கிறது.

சரி, ஃபாஸ்பரிக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. கம்பிக்கு ஆள் தெரியாது, அழகு தெரியாது. விழுந்ததா, நின்றதா, அவ்வளவுதான். எல்லோருக்கும் இது வாய்க்காது. ஸ்வீடனின் யான் பூக்லவ் என்ற பனிச்சறுக்குத் தாண்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் மாட்டும் சறுக்குப் பலகைகள் (ஸ்கீ) இரண்டையும் ஒட்டி இணையாகப் பிடித்துப் பறப்பதுதான் அழகு என்று இருந்த காலத்தில், அவர் முனைகளை விரித்து 'வி' மாதிரி பறந்தார். காற்று நன்றாகத் தாங்கியது, தூரம் கூடியது. ஆனால் அந்த விளையாட்டில் தூரத்தோடு அழகுக்கும் மதிப்பெண் உண்டு. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை போடுவார்கள். அதிகமும் குறைவும் போக மூன்று பேருடையது சேரும். ஆளுக்கு இரண்டு குறைத்தாலே ஆறு போச்சு. பெரிய சறுக்குமேடையில் இன்றைய கணக்குப்படி மீட்டருக்கு 1.8 புள்ளி என்றால், அந்த ஆறை ஈடுகட்டவே மூன்று மீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறக்க வேண்டும். பூக்லவ் அதையும் பறந்து, 1988-89 பருவத்தின் உலகக் கோப்பையை வாங்கினார். சில வருடத்தில் எல்லோரும் 'வி'தான், அழகுக் குறைப்பும் போய்விட்டது.

உங்கள் நிலைமை ஃபாஸ்பரிக்கும் பூக்லவுக்கும் நடுவில் இருக்கிறது. கம்பி மாதிரி ஒன்று உங்களிடம் இருக்கிறது: பார்ட்டியின் இன்ஸ்பெக்ஷன் கேஜ். ஓட்டைக்குள் போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். யார் போட்டது, எப்படிப் பிடித்தது என்று அது கேட்காது. அழகுக்கு மதிப்பெண் போடும் நடுவரும் இருக்கிறார், அவர் உங்கள் மாமா. அதனால் ஜிக் கொஞ்சம் பரவாயில்லை என்கிற அளவில் இருந்தால் போதாது. மாமா மனதுக்குள் குறைக்கிற மதிப்பெண் போகவும் மிச்சம் தெரிய வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். பகலில் ஆர்டர் வேலை முழுக்க மாமா சொன்னபடி, ஒரு சுணக்கமும் இல்லாமல். சாயங்காலம் ரிஜெக்ட் காஸ்டிங்கில் உங்கள் ஜிக். ஒரு நோட்டில் கோடு போட்டு நாலே நாலு பத்தி பிரியுங்கள்: கட்டவும் கழற்றவும் ஆன நேரம், ஓட்டை போட ஆன நேரம், கேஜில் போனதா, டிரில் பிட் எத்தனை காஸ்டிங்குக்குத் தாங்கியது. மாமா முறைக்கும் அதே நாலு பத்தி. ஜிக் தோற்ற நாளையும் எழுதுங்கள். அதை மறைத்தால் மாமா அடுத்த பக்கத்தையும் நம்ப மாட்டார். ஒரு மாதம் கழித்து, சம்பள நாளாகப் பார்க்காமல், ஆர்டர் நெருக்கும் நாளாகப் பார்த்து நோட்டைக் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், அவரே புரட்டட்டும்.

கணக்கு உங்கள் பக்கம் இருந்தும் மாமா வேண்டாம் என்றால், அப்போது எழுதுங்கள். தனிப் பட்டறை என்பது முதல், வாடகை, கரண்ட் கனெக்ஷன், முதல் ஆர்டரை யார் தருவார் என்பதெல்லாம் சேர்ந்த வேறு பேச்சு. அம்மாவின் தம்பியோடு முறித்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் அம்மாவையும் கேட்டாக வேண்டும்.