ஐரோப்பா கேட்கும் ஜிபிஎஸ் புள்ளி: காபி விவசாயி கொடுக்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் காபித் தோட்டம். ஊடே மிளகும் மலைவாழையும் உண்டு. வழக்கமாகக் கொட்டை எடுக்கும் வியாபாரி, பட்டா நகலும் தோட்டத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் கேட்கிறார். ஐரோப்பாவில் காடழிப்புச் சட்டமாம். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. வயதான சில்வர் ஓக் மரங்கள் சிலவற்றை வெட்டவும் எண்ணம். எங்கோ போட்ட சட்டத்துக்கு நாங்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்? கோத்தகிரியில் தேயிலை வைத்திருக்கும் மச்சானிடமும் இதைக் கேட்பார்களா?

பதில்: கொடுங்கள். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது. 2023-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு ஒழுங்குமுறை, அங்கே சரக்கை இறக்கும் நிறுவனத்தைத்தான் பொறுப்பாக்குகிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காபியை அந்த நிறுவனம் விற்கக் கூடாது. மீறினால் அபராதம், அதன் உச்சவரம்பு நிறுவனத்தின் ஐரோப்பிய ஆண்டு விற்பனையில் குறைந்தது 4 சதவீதமாவது இருக்க வேண்டும். அதனால் அந்த நிறுவனம் ஏற்றுமதியாளரை நெருக்குகிறது, ஏற்றுமதியாளர் கொட்டையைப் பதப்படுத்தும் பட்டிவீரன்பட்டி க்யூரிங் ஆலையை நெருக்குகிறார், கடைசியில் கேள்வி உங்கள் களத்துக்கு வந்து நிற்கிறது. உள்நாட்டுக்கு மட்டும் விற்றால் யாருக்கும் எதுவும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. வாங்குவதில் இத்தாலியும் ஜெர்மனியும் முன்வரிசையில் இருக்கின்றன.

சரி, காலநிலையைக் காக்க நாடுகளுக்குள் ஒப்பந்தங்கள் இருக்கும்போது வணிகத்தில் ஏன் கைவைக்கிறார்கள்? 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைப்போம் என்று வாக்குறுதி கொடுப்பது கட்டாயம், அதை எட்டாவிட்டால் தண்டனை இல்லை. அதன் 15-ஆம் பிரிவு அமைக்கும் குழுவே தண்டிக்காத, உதவி செய்கிற குழு என்றுதான் எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய கியோட்டோ உடன்படிக்கையில் தண்டனை இருந்தது. இலக்கைத் தவறவிட்ட நாடு குறைக்காமல் விட்ட அளவை அடுத்த காலகட்டத்தில் 1.3 மடங்காக ஈடுசெய்ய வேண்டும். கனடா 2011-இல் அதிலிருந்து விலகுவதாகவே அறிவித்துவிட்டது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரை சொன்னது. அது கனமான வார்த்தை, ஆனாலும் யாரையும் கட்டுப்படுத்தாத கருத்துரைதான். இந்த இடைவெளியில்தான் துறைமுக வாசலில் கேள்வி கேட்கும் பழக்கம் வளர்கிறது.

அப்படிக் கேட்பது செல்லுமா என்ற வழக்கில் இந்தியாவே ஒரு தரப்பாக இருந்திருக்கிறது. கடலாமை சிக்காத வலை போட்டுப் பிடித்த இறால்தான் வேண்டும் என்று அமெரிக்கா சொன்னபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998 தீர்ப்பு இரண்டு பக்கமும் பேசியது: இயற்கையைக் காக்க இறக்குமதிக்கு நிபந்தனை போடலாம், ஆனால் நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டக் கூடாது. எனக்கும் இதே எண்ணம்தான். காட்டைக் காக்கும் நோக்கம் நியாயம். ஆனால் ஆதாரம் திரட்டும் வேலையை மூன்றரை ஏக்கர்காரர் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் காசு தராமல் இருப்பது அநியாயம். பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, அளவு ஒன்றல்ல என்று 1992 காலநிலை உடன்படிக்கையிலேயே எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. வழக்குப் போட்டுத் தீரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை.

இனி உங்கள் தோட்டம். 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 9.9 ஏக்கருக்கு, உட்பட்ட நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். எல்லை முழுவதையும் வரைந்து தரச் சொன்னால் அவசியமில்லை என்று சொல்லுங்கள். மர நிழலில் போன் தடுமாறும். தோட்டத்துக்குள்ளேயே வெட்டவெளியாக ஓர் இடத்தில் நின்று, எண் ஆடாமல் நிற்கும் வரை பொறுத்து, தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கத்தையும் எழுதுங்கள். புள்ளி என்பது இரண்டு எண்கள்: உங்கள் ஊருக்கு முதல் எண் (அட்சரேகை) 10-இல் தொடங்கும், இரண்டாவது (தீர்க்கரேகை) 77-இல். இடம் மாற்றி எழுதினால் உங்கள் காபி ஆர்க்டிக் கடலில் விளைந்ததாகப் பதிவாகும், சரக்கு அங்கே நின்றுவிடும். கொடுத்ததன் நகலில் தேதி போட்டு வியாபாரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாண்டிக்குடியிலேயே காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்கே போய்க் கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். இடம் தெரியாத காபியை இடம் தெரிந்த காபியோடு கலக்க இந்த ஒழுங்குமுறை அனுமதிக்காது. ஆகவே உங்கள் மூட்டையை வியாபாரி தனியாக வைக்கிறாரா என்று பாருங்கள். புள்ளியை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினால் உங்கள் ஆவணத்துக்கு மதிப்பே இல்லை. தனியாக வைப்பவரிடம் கூடுதல் விலை கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

சில்வர் ஓக் விஷயத்துக்கு வருவோம். ஏற்கெனவே காபித் தோட்டமாக இருக்கும் நிலத்தை இந்தச் சட்டம் விவசாய நிலமாகவே பார்க்கிறது. நிழல் மரம் வெட்டினால் காடழிப்பு ஆகாது. ஆனால் விளைச்சல் நம் நாட்டுச் சட்டப்படியும் இருக்க வேண்டும் என்பது அதே ஒழுங்குமுறையின் இன்னொரு நிபந்தனை. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், அனுமதி வாங்கிய பிறகே கோடாலியை எடுங்கள்.

பட்டாவுக்கும் அதே கணக்கு. உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பா கேட்கவில்லை, நிலத்தைப் பயன்படுத்த உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. ஆனாலும் தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பட்டா மாறுதலுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இரண்டு முறை தள்ளிப்போன இந்த ஒழுங்குமுறை, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதல் என்று நிற்கிறது. உங்கள் மலையில் பழம் எடுக்கும் பருவமும் அதுதான்.

மச்சானுக்கு இந்தக் கவலை வேண்டாம். காபி, கோகோ, ரப்பர், மரம், சோயா, பாமாயில், மாடு ஆகிய ஏழும்தான் பட்டியலில் இருக்கின்றன, தேயிலை இல்லை. எஃகு, சிமென்ட், அலுமினியம் போன்றவற்றின் மேல் வரும் ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரியும் தேயிலையைத் தொடாது.