கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜூனில் நானும் மனைவியும் பன்னிரண்டு நாள் நார்வே போகிறோம். பெர்கனில் தொடங்கி வடகோடியிலுள்ள நோர்ட்காப் முனை வரை கடலோரமாகவே போய்விட வேண்டும் என்று ஆசை. பெரிய கடலோரக் கப்பலில் முழுச் சுற்றும் போய் வரலாம் என்கிறார்கள் சிலர். கார் எடுத்துக்கொண்டு ஃபெர்ரி ஃபெர்ரியாக மாறிப் போகச் சொல்கிறார்கள் சிலர். மனைவிக்குக் கடலில் குமட்டல் வரும். இருவரும் சைவம். எது சரி?

ர.

அன்புள்ள ர.,

முதலில் வரைபடத்தில் பாதியை மறந்துவிடுங்கள். பெர்கனிலிருந்து நோர்ட்காப் வரை பன்னிரண்டு நாளில் ஓட்டிவிடலாம்தான், ஆனால் ஊர் திரும்பும்போது நினைவில் சாலைதான் மிஞ்சும். ட்ரோன்ஹைமில் தொடங்கிப் பூடோவில் முடியுங்கள். நடுவில் கிடப்பது ஹெல்கெலாந்த் கடற்கரை. ஸ்டைன்க்யெரிலிருந்து பூடோ வரை 17ஆம் எண் சாலை, சுமார் 650 கிலோமீட்டர், ஆறு ஃபெர்ரி. அவசரக்காரர்களும் லாரிகளும் உள்நாட்டு வழியான ஈ6 நெடுஞ்சாலையில் போய்விடுவார்கள். கடலோரம் உங்களுக்கு.

கப்பலைப் பற்றி: 1893இல் தபால், சரக்கு, ஆள் எல்லாவற்றையும் ஏற்றிச் செல்லத் தொடங்கிய தடம் அது. இப்போது இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை 34 துறைகள், போய்த் திரும்பப் பன்னிரண்டு நாள். உங்கள் விடுமுறை முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். பல துறைகளில் கப்பல் நிற்பது கால் மணி, அரை மணி. வடக்கே போகும் கப்பல் ஹெல்கெலாந்தை நள்ளிரவு தாண்டிய பிறகுதான் கடக்கிறது. ஜூனில் அப்போதும் வெளிச்சம் உண்டு, நீங்கள்தான் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். தெற்கே வரும் கப்பல் அதே இடங்களைப் பகலில் கடக்கிறது. ஆசை தீர வேண்டுமென்றால் சான்னெஸ்ஷொயெனில் காரை விட்டுவிட்டு ப்ரோன்னொய்சுந்த் வரை ஒரு பிற்பகல் போங்கள். அறை எடுக்கத் தேவையில்லை, துறைக்குத் துறை டிக்கெட் கிடைக்கும். திரும்பி வர பஸ்ஸோ விரைவுப் படகோ அன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கார் ஃபெர்ரிக்கு வருவோம். 17ஆம் சாலை ஃபெர்ரிகளில் முன்பதிவு கிடையாது, வரிசையில் முந்தியவர் முந்தி. கட்டணம் வாங்கும் ஃபெர்ரிகளில் அது பெரும்பாலும் வண்டியின் நீளத்துக்குத்தான், ஆள் கணக்கு இல்லை. ஆறு மீட்டரைத் தாண்டினால் தொகை மேலே தாவும். ஆகவே படுக்கை வசதியுள்ள வேன் எடுப்பதானால் அதன் நீளத்தைக் கேட்டுவிட்டு எடுங்கள். பணம் வாங்க ஆள் வர மாட்டார், கேமரா எண் பலகையைப் படித்துக்கொள்ளும். வாடகைக் காரில் ஆட்டோபாஸ் என்ற தானியங்கிச் சுங்கக் கருவி உண்டா, அது ஃபெர்ரிக்கும் செல்லுமா, கணக்கு எப்போது வரும் என்பதைச் சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

பயணம் கெடுவது அட்டவணையில்தான். எல்லா நேரங்களும் என்டூர் என்ற பயணச் செயலியில் கிடைக்கும். ஆனால் துறையில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘டிஎக்ஸ்67’ (Dx67) என்று இருந்தால் டி தினமும், எக்ஸ் நீங்கலாக, 6 சனி, 7 ஞாயிறு. திங்கள்தான் 1. இந்த ஒரு குறியைக் கவனிக்காமல் ஞாயிறு காலை வெறும் துறையில் போய் நிற்பவர்கள் உண்டு. சில தீவுத் துறைகளுக்கு, முன்கூட்டித் தொலைபேசியில் சொன்னால்தான் ஃபெர்ரி வந்து அணையும். அதையும் அடிக்குறிப்பில்தான் போட்டிருப்பார்கள். கோடை அட்டவணை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று, வண்டிகள் திரளாக நகரும் விதம். 17ஆம் சாலையில் ஹொர்ன் துறையிலிருந்து ஆன்டால்ஸ்வோகனுக்கு 20 நிமிடம். இறங்கி இருபது கிலோமீட்டருக்கும் குறைவாக ஓட்டினால் ஃபோர்விக், அங்கிருந்து சொட்டாவுக்கு ஒரு மணி நேரம். முதல் ஃபெர்ரியில் இறங்கிய அத்தனை வண்டியும் அடுத்த துறைக்கு ஒன்றாகவே போய்ச் சேரும். கடைசியாக இறங்கியவர் முந்தப் பார்ப்பார். அது வீண் வேலை, குறுகிய சாலையில் ஆபத்தும் கூட. அவசரம் வேண்டாமென்றால் முந்தைய ஃபெர்ரியைப் பிடித்து, நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த கூட்டம் வருமுன் வரிசையில் நில்லுங்கள். ஜூலையில் இது இன்னும் முக்கியம்.

நாளைத் திட்டமிடும்போது காலையிலிருந்து கூட்டாதீர்கள், கடைசி ஃபெர்ரியிலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். அதற்கு முந்தையதே உங்கள் ஃபெர்ரி, கடைசி ஃபெர்ரி காப்பு. கில்பொக்ஹாம்ன்–யெக்ட்விக் கடவையில் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டுவதும் அதில்தான். அதைத் தவறவிட்டால் அடுத்தது வரச் சில மணி நேரம் ஆகலாம். யெக்ட்விக்கில் இறங்கினால் முப்பது கிலோமீட்டர் வாக்கில் ஓக்ஷ்கார்டெ, அங்கே பத்து நிமிடக் கடவை ஒன்று மிச்சம்.

எங்கே தங்குவது? ப்ரோன்னொய்சுந்தில் இரண்டு இரவு. 258 மீட்டர் உயர டோர்ஹாட்டன் மலையின் நடுவே 160 மீட்டர் நீளத்துக்கு ஒரு துளை, ஏறி உள்ளே நடந்து மறுபுறம் போகலாம். நிலம் கடலுக்குத் தாழ்ந்திருந்த காலத்தில் அலையும் பனியும் குடைந்த ஓட்டை. பிறகு வேகா தீவுக்கு ஒரு நாள், முடிந்தால் ஓர் இரவு. அங்கே மக்கள் ஐடர் வாத்துக்குக் கூடு கட்டிக் கொடுத்து, அது விட்டுச்செல்லும் மெல்லிறகைச் சேகரித்து வாழ்ந்தார்கள். அந்த வாழ்முறைக்காகவே 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தீவுக்கூட்டம். சான்னெஸ்ஷொயெனில் ‘ஏழு சகோதரிகள்’ மலைத்தொடர். மேகம் இறங்கியிருந்தால் ஒரு சகோதரியும் தெரியமாட்டாள், ஆகவே அங்கே ஒரு நாள் உபரி வையுங்கள். ஸ்வார்ட்டிசன் பனியாற்றுக்கு ஹோலாந்தில் காரை நிறுத்திவிட்டுச் சிறு படகில் போக வேண்டும். பூடோ வருமுன் சால்ட்ஸ்ட்ரௌமென் நீரிணை, உலகின் மிக வேகமான ஓத (கடலேற்ற இறக்க) நீரோட்டங்களில் ஒன்று. ஓதம் திரும்பும் நேரத்தில் போனால் அமைதியான வாய்க்கால்தான் தெரியும். அன்றைய உச்ச நேரத்தைப் பார்த்து அரை மணி முன்பாகப் பாலத்தில் நில்லுங்கள்.

குமட்டலுக்கு வருவோம். ஹெல்கெலாந்தில் ஆயிரக்கணக்கான பாறைத்தீவுகள் கரைக்கு வெளியே அணையாகக் கிடப்பதால், ஃபெர்ரிகள் பெரும்பாலும் அவற்றின் மறைவிலேயே ஓடும். அலை எழும் இடங்கள் வேறு: தெற்கே ஸ்டாட் முனை, ஃபோல்டா கடற்பகுதி, பிறகு பூடோவுக்கும் லோஃபோட்டன் தீவுகளுக்கும் நடுவே வெஸ்ட்ஃபியோர்ட். கடைசி இரண்டு நாளை லோஃபோட்டனுக்கு ஒதுக்க ஆசை வரும். பூடோ–மொஸ்கெனெஸ் ஃபெர்ரி மூன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது, திறந்த கடல், தென்மேற்குக் காற்றில் உருட்டும். காற்று எச்சரிக்கை இருந்தால் அதை விட்டுவிட்டுச் சாலை வழியே போக்நெஸ் போங்கள். அங்கிருந்து லோடிங்கனுக்கு ஒரு மணி நேர மறைவான கடவை. சுற்றுதான், ஆனால் மனைவி எழுந்து நிற்பார். கடலிலேயே போவதென்றால் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பின் பயனில்லை. கப்பலின் நடுப்பகுதியில் உட்கார்ந்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஃபோனை அல்ல. நீண்ட கடவைகளில் கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். மாத்திரையையும் கம்பளியையும் கையோடு மேலே கொண்டுபோங்கள்.

சாப்பாடு: சமையலறையுள்ள குடில்களாகப் பதிவு செய்யுங்கள். சிறு ஃபெர்ரிகளில் கடையே இருக்காது, இருந்தால், முட்டை சேர்ந்தாலும் பரவாயில்லை என்றால், வாஃபிளும் பழுப்புச் சீஸும் உங்களுக்கு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து நெய், பால் பொருள் எதையும் கொண்டுபோகக்கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். ஞாயிறு பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

காரைப் பூடோவில் விட்டால் ஒருவழிக் கட்டணம் கடுமையாக இருக்கும். அந்தத் தொகையோடு இரண்டு ரயில் டிக்கெட்டைக் கூட்டி, ஈ6 வழியே ட்ரோன்ஹைம் திரும்ப ஆகும் இரண்டு நாள் எரிபொருளோடும் அறை வாடகையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் சிறிதென்றால் ரயில்: 729 கிலோமீட்டர், பத்து மணி நேரம், ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம்.