மகிழ்ச்சியாக வாழ நீங்கள் கடைப்பிடிக்கும் பழக்கங்களும் மனப்பாங்குகளும் என்னென்ன?

கேள்வியைப் பார்த்ததும் தாண்டிப் போகத்தான் நினைத்தேன். இதற்கு வரும் பதில்களில் பாதி, விடியுமுன் எழு, பச்சைத் தண்ணீரில் குளி, தினமும் நன்றிக் குறிப்பு எழுது என்று ஒரே உத்தரவாக இருக்கும். நன்றிக் குறிப்பு நானும் எழுதிப் பார்த்தவன்தான். பதினொன்றாம் நாள் 'இன்று தலைவலி இல்லை' என்று எழுதிவிட்டு நோட்டை மூடினேன், அப்புறம் திறக்கவே இல்லை. சிலருக்கு அது நன்றாகவே பலிக்கிறது, குறை சொல்லவில்லை. எனக்கு வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது.

என்னிடம் உருப்படியாக நிலைத்த பழக்கம் ஒன்றுதான். தலைக்குள் நடக்கும் பட்டிமன்றத்தைக் கலைப்பது.

ஒருநாள் மதியம் மீட்டிங்கில் மேலாளர் "இதைக்கூட நான்தான் சொல்லணுமா?" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று இரவு சிங்க்கில் பாத்திரம் தேய்க்கும்போது ஆரம்பித்தது கச்சேரி. அவர் ஒன்று சொல்கிறார், நான் நறுக்கென்று ஒன்று சொல்கிறேன், அவர் திணறுகிறார், நான் மூன்று வருடத்துக்கு முந்தைய கதையையும் இழுத்துப் போட்டு இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகக் கேட்கிறேன், சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் என் பக்கம். பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தபோது மகள் வந்து, "அப்பா, யார்கூடப் பேசுறீங்க?" என்றாள். உதடு அசைந்திருக்கிறது. கையில் இருந்தது ஏற்கெனவே தேய்த்துக் கழுவிய தட்டு.

வாதத்தில் ஜெயித்திருந்தேன், ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் உறைத்தது. மீட்டிங்கில் அவர் சொன்னது பத்து வினாடி. மிச்ச இரண்டு மணி நேரமும் நானே எனக்குச் செய்துகொண்டது.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று பின்னால் தெரிந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐபோன் செயலி வழியாக 2,250 பேரை நாளில் எப்போதென்று சொல்லாமல் திடீர் திடீரென்று பிடித்து, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனசு அதில்தான் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம் மனசு வேறெங்கோ இருந்தது, அப்படி இருந்தபோது மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. இனிமையான நினைப்பில் மிதந்தவர்கள்கூட, செய்கிற காரியத்தில் மனசு வைத்திருந்தவர்களைவிடக் கூடுதல் சந்தோஷமாக இல்லையாம். எனக்கு அது கொஞ்சம் அதிர்ச்சி, பகல் கனவாவது லாபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சரி, எப்படிக் கலைப்பது? 'யோசிக்காதே' என்று மனசை அதட்டினால் இன்னும் சத்தமாகப் பேசும். நான் செய்வது இவ்வளவுதான். மாட்டிக்கொண்டது தெரிந்ததும் "ஆரம்பிச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வேன். அப்புறம் ஒரே கேள்வி: இதை அந்த ஆளிடம் நேரில் சொல்லப் போகிறேனா, இல்லையா? சொல்வதென்றால், எப்போது, என்ன வார்த்தையில் என்று போனில் இரண்டு வரி குறித்து வைப்பேன். இல்லையென்றால் தட்டு, நுரை, தண்ணீர், அவ்வளவுதான். குறித்து வைப்பதில் விஷயம் இருக்கிறது. பாதியில் நிற்கும் காரியம் மனசை நச்சரிக்கும், ஆனால் அதை முடிக்காவிட்டாலும் எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே நச்சரிப்பு அடங்குகிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் சோதனைகள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மேலாளர் விஷயத்திலும் மறுநாள் போய், "சார், நேத்து எல்லார் முன்னாலயும் சொன்னது கஷ்டமா இருந்துச்சு, தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றேன். "அப்படியா சொன்னேன்?" என்றார். நடிக்கவில்லை, மனிதருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை! நான்தான் ராத்திரி முழுக்க அவருக்கும் சேர்த்து வசனம் எழுதியிருக்கிறேன்.

பட்டிமன்றத்தில் கோபம் மட்டும் இல்லை, கூச்சமும் வந்து உட்காரும். கல்லூரி நண்பன் ஒருவனுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்து நினைத்தே இரண்டு வருடம் ஓடிவிட்டது. நாள் ஆக ஆக, 'இவ்வளவு நாள் எங்கே போனே' என்று கேட்பானே, என்ன சொல்வது என்று அதற்கும் தலைக்குள் ஒத்திகை. கடைசியில் ஒருநாள் யோசிக்காமல் அழைத்துவிட்டேன். "டேய், உயிரோடதான் இருக்கியா?" என்றான். அவ்வளவுதான் அந்த விசாரணை. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் வேறு ஏதேதோ பேசினோம். இப்போதெல்லாம் யாராவது நினைவுக்கு வந்தால் அந்த நிமிடமே அழைத்துவிடுகிறேன், எடுக்காவிட்டால் ஒரு குரல் பதிவு.

உறவுகளைப் பற்றி எல்லாரும் மேற்கோள் காட்டும் இன்னொரு ஹார்வர்டு ஆய்வு, ஒரே ஆட்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது, 1938இல் 268 மாணவர்களோடு தொடங்கியது. பின்னால் பாஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 456 பையன்களும் சேர்ந்தார்கள். ஐம்பது வயதில் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்கள்தான் எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள், கொலஸ்ட்ரால் அளவுகூட அந்த அளவுக்குத் துப்புக் கொடுக்கவில்லை என்கிறார் அதை நடத்தும் ராபர்ட் வால்டிங்கர். இதைப் படித்துவிட்டு ஐந்நூறு பேரின் தொடர்பைத் தூசு தட்ட வேண்டாம். நாலு பேர் போதும்.

வேறு சில்லறை விஷயங்கள். இரவு பத்து மணிக்கு மேல் என் வாழ்க்கையைப் பற்றி நான் எந்தத் தீர்ப்பும் எழுதுவதில்லை. அந்த நேரத்தில் வேலை, கல்யாணம், முகம், எதிர்காலம் எல்லாமே மோசமாகத்தான் தெரியும், ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தால் பாதி வழக்கு தானாகத் தள்ளுபடி. அப்புறம், எதையாவது வாங்கினால் சரியாகிவிடும் என்ற நினைப்பு. 1978இல் வெளியான ஓர் ஆய்வில் லாட்டரியில் பெரும் தொகை ஜெயித்த 22 பேரை விசாரித்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சின்ன இன்பங்களில் அவர்களுக்குச் சுவை குறைந்தும் இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் என் புதுப் போனின் மவுசு எத்தனை நாள் தாங்கியது என்று எனக்கே தெரியுமே.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இருந்தென்ன என்று தோன்றிக்கொண்டிருந்தால், நான் சொல்லும் எதுவும் அதற்கு மருந்து இல்லை. பழக்கத்தை மாற்றுகிறேன் என்று நாள் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கவே கூடாது.

மகள் இப்போதும் சிங்க் பக்கம் வந்தால் என் வாயை உற்றுப் பார்த்துவிட்டு "இன்னைக்கு யாருப்பா?" என்று கேட்கிறாள். பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. நேற்று மட்டும், நாற்பது நிமிடம் லைனில் காக்க வைத்துவிட்டுத் துண்டித்த ஒரு கஸ்டமர் கேர்காரர் வந்திருந்தார்.