பிரேக் ஆயில்: முதலில் உள்ளே இருப்பது எது என்று பாருங்கள்

கேள்வி: ஐயா, என் அப்பா ஓட்டிய 1985ஆம் ஆண்டு அம்பாசடர் ஆறு ஆண்டுகளாக வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதை மறுபடி ஓட்ட ஆசைப்படுகிறேன். பிரேக் ஆயில் பாதிதான் இருக்கிறது. உதிரிபாகக் கடையில் டாட் 4 கொடுக்கிறார்கள். பழைய வண்டிக்கு டாட் 3 போதும் என்கிறார் மெக்கானிக். டாட் 5 ஊற்றினால் பெயின்ட் கெடாது என்கிறார் நண்பர். இருப்பதோடு எதைச் சேர்க்கலாம்? (வாசகர், திருப்பூர்)

பதில்: எதையும் சேர்க்காதீர்கள். ஆறு ஆண்டுகள் நின்ற வண்டியில் இருக்கும் பழைய ஆயில் ஒரு சொட்டு விடாமல் வெளியே வரவேண்டும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு; அதில் மூன்றா, நான்கா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1988இல் பொள்ளாச்சியில் என் பட்டறைக்கு ஓர் அம்பாசடர் வந்தது. வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அடிவாரத்தை நெருங்கும்போது பிரேக் மிதி தரையோடு போய்விட்டதாக ஓட்டுநர் சொன்னார். இரண்டாவது கியரில் போட்டு, கைபிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தியிருக்கிறார். ஆனால் பட்டறையில் நான் மிதித்தபோது பிரேக் நன்றாகவே பிடித்தது. ஓட்டுநர் பொய் சொல்கிறார், தூங்கியிருப்பார் என்று வண்டி முதலாளி கூச்சல் போட்டார். ஓட்டுநர் பேசாமல் நின்றார். நான் பின்சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளைத் திறந்தேன். காப்பி டிகாஷன் நிறத்தில் வந்தது ஆயில். அவர் சொன்னது முழுக்க உண்மை.

நடந்தது இதுதான். நம் வண்டிகளில் ஊற்றும் சாதாரண பிரேக் ஆயில் கிளைகால் வகையைச் சேர்ந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4க்கு இது 230, 155. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் கொதிக்கிறது, அந்தச் சூடு சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்குள் போகிறது, ஆயில் ஆவியாகிறது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் மிதி வெறுமையாக உள்ளே போகிறது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் குளிர்ந்து ஆவி அடங்கியதும் பிரேக் திரும்பிவிடும். எத்தனை ஓட்டுநர்கள் இப்படிச் செய்யாத குற்றத்துக்குப் பேச்சு வாங்கியிருப்பார்களோ.

டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் வகைதான். ஒன்றோடொன்று கலந்தால் திரியாது. அவசரத்துக்கு டாட் 3 உள்ள வண்டியில் டாட் 4 சேர்த்து ஊர் வந்து சேரலாம். ஆனால் கலவைக்கு டாட் 4இன் முழு வலு கிடைக்காது. டாட் 5 மட்டும் தனி ஜாதி. அது சிலிகான், பெரும்பாலும் ஊதா நிறத்தில் இருக்கும். 5, 5.1 என்று எண்கள் நெருக்கமாக இருப்பதால் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடலாம். புட்டியில் 'சிலிகான்' என்று இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். கிளைகாலோடு சிலிகானைக் கலக்கவே கூடாது.

உங்கள் நண்பர் சொன்னது பொய்யல்ல. சிலிகான் பெயின்ட்டை அரிக்காது. ஆனால் தண்ணீரையும் தன்னோடு சேர்க்காது. உள்ளே புகும் ஈரம் தாழ்வான இடமான வீல் சிலிண்டரில் தனியாகத் தேங்கித் துருப்பிடிக்க வைக்கும்; 100 டிகிரியிலேயே கொதிக்கவும் செய்யும். மிதியும் சற்றுப் பஞ்சு போல இருக்கும். குழாய்களைக் காயவைத்து, எல்லா ரப்பரையும் புதிதாக மாற்றாமல் டாட் 5 பக்கம் போகாதீர்கள். உங்கள் அம்பாசடருக்கு அது வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். முன்பு யாராவது அறியாமல் இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கலாம். பழைய ஆயிலைக் கொஞ்சம் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, சம அளவு தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். கரைந்துவிட்டால் கிளைகால். பிரிந்து நின்றால் மினரல் ஆயிலோ சிலிகானோ கலந்திருக்கிறது. மினரல் ஆயில் பட்ட ரப்பர் ஊதிவிடும், கழுவிப் பயனில்லை. மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கிட் (ரப்பர் பாகங்களின் தொகுப்பு), வீல் சிலிண்டர் கிட்கள், ரப்பர் ஹோஸ்கள் அத்தனையும் மாற்ற வேண்டும்.

கலப்படம் இல்லாவிட்டாலும், ஆறு ஆண்டுகள் நின்ற வண்டிக்குக் கிட்களையும் ஹோஸ்களையும் மாற்றச் சொல்வேன். பழைய ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும் பிரேக், விட்டால் விடாது. பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவ விடாதீர்கள். பட்டறைகளில் இன்றும் நடக்கும் தவறு இது. ரப்பருக்கு இன்ஜின் ஆயில் செய்யும் கெடுதலையே இவையும் செய்யும். புதிய ரப்பரைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்துப் பொருத்தச் சொல்லுங்கள், கிரீஸ் வேண்டாம்.

பிறகு ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். டாட் 3 போதும் என்று உங்கள் மெக்கானிக் சொல்வதில் தவறில்லை. ஆனால் ஊட்டி, வால்பாறை என்று மலையேறுவதாக இருந்தால் நான் டாட் 4தான் ஊற்றுவேன். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள், அதாவது குழாயில் சிக்கிய காற்றை நிப்பிள் வழியாக வெளியேற்றுங்கள். கடைசியாக வலது முன்சக்கரம். இடையில் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் தொட்டி வற்றக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதேபோல் ஆயிலை மாற்றுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுக்கு முன் உடைத்த டாட் 3 புட்டியில் பாதி மீதி இருக்கிறது. மாருதி 800க்கு ஊற்றலாமா? (வாசகி, கரூர்)

பதில்: வேண்டாம் அம்மா. மூடியை எவ்வளவு இறுக்கியிருந்தாலும் புட்டிக்குள் இருந்த காற்றின் ஈரம் அதில் சேர்ந்திருக்கும். புதிய சிறு புட்டி வாங்குங்கள். ஆயில் அளவு குறைந்ததால்தான் கேட்கிறீர்கள் என்றால், ஊற்றுவதற்கு முன் நான்கு சக்கரங்களின் உட்புறமும் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு இல்லையென்றால் முன்சக்கர பேட் தேய்ந்திருக்கும். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும்.

கேள்வி: பானெட்டில் பிரேக் ஆயில் சிந்திவிட்டால்? (வாசகர், தேனி)

பதில்: துணியால் தேய்க்காதீர்கள், பெயின்ட்டும் கூடவே வந்துவிடும். உடனே தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள்.