மூன்று பூட்டு, ஒரே சாவி: இணைய அடையாளத் திருட்டு குறித்த கேள்வி-பதில்

கடவுச்சொல், ஓடிபி, மீட்பு மின்னஞ்சல் என மூன்று அடுக்குப் பாதுகாப்பு வைத்திருக்கிறேன். போதும்தானே?
- வாசகர், கோவை

மூன்றும் எங்கே போய் முடிகின்றன என்று பார்த்தீர்களா? ஓடிபி உங்கள் சிம்முக்கு வருகிறது. கடவுச்சொல் மறந்தால் மின்னஞ்சலுக்கு லிங்க் போகிறது. மின்னஞ்சலின் கடவுச்சொல்லே மறந்துபோனால் மறுபடி அதே சிம்முக்கு ஓடிபி. பூட்டு மூன்று, சாவி ஒன்று. சிம் கைமாறினால் மூன்றும் திறந்துகொள்ளும்.

முதலில் மின்னஞ்சலைச் சிம்மிலிருந்து பிரித்துவிடுங்கள். ஆதென்டிகேட்டர் செயலியோ (சிம் இல்லாமல் ஃபோனிலேயே குறியீடு தருவது) பாஸ்கீயோ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஃபோனின் கைரேகை, திரைப்பூட்டு கொண்டு நுழைவது) வைத்துக்கொண்டு, மீட்பு வழிகளில் இருக்கும் ஃபோன் எண்ணை நீக்கிவிடுங்கள். அவசரத்துக்குத் தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். கேலரியில் ஸ்கிரீன்ஷாட்டாக வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான். அப்புறம், சிம்முக்கே ஒரு பின் (ரகசிய எண்) போடுங்கள். ஃபோன் திருடு போனாலும் சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டு ஓடிபி வாங்க முடியாது. சிம்மில் ஏற்கெனவே உள்ள பின் எண் தெரியாமல் குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் முடங்கி, அதைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும்.

திடீரென்று சிக்னல் போய்விட்டது. டவர் பிரச்சினை என்று இரண்டு நாள் காத்திருந்தேன்...
- வாசகி, தஞ்சாவூர்

இரண்டு நாள்! பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், அரை மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. உங்கள் பெயரில் யாராவது மாற்று சிம் வாங்கியிருக்கலாம். வேறு ஃபோனிலிருந்து நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து வங்கி. பணம் போயிருந்தால் உடனே 1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். மாற்று சிம் கொடுத்ததும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஒரு நாள் உங்களுக்காகத்தான். தூங்கிக் கழிக்காதீர்கள்.

ஜெராக்ஸ் கடையில் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். ஹோட்டலிலும் கேட்கிறார்கள். கொடுத்தால் என்ன ஆகிவிடும்?
- வாசகர், திண்டுக்கல்

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

கடைக்கு அனுப்பிய பிடிஎஃப் பிரின்ட் எடுத்ததும் மறைந்துவிடாது. அந்தக் கணினியின் டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், ஊரில் பாதிப் பேரின் ஆதார் இருக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கணினியில் யார் யார் பென் டிரைவ் செருகுகிறார்கள்? "பாஸ்வேர்டு போட்ட கோப்புதானே" என்பார்கள். இ-ஆதாரின் பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறந்த வருடம், அவ்வளவுதான். பெயர் எப்படியும் தெரிந்துவிடும், வருடம் ஃபேஸ்புக்கில் கிடைக்கும். அதுகூடத் தேவைப்படாது, பிரின்ட் எடுப்பதற்காக நீங்களே பாஸ்வேர்டையும் சேர்த்து அனுப்பியிருப்பீர்கள்.

இதில் அரசின் கூத்து வேறு. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. நல்ல எச்சரிக்கை. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். வழக்கமான கவனத்தோடு இருந்தால் போதுமாம். வழக்கமான கவனத்தின் லட்சணத்தைத்தான் ஜெராக்ஸ் கடையில் பார்க்கிறோமே!

மறைத்த ஆதாரில் முதல் எட்டு இலக்கங்கள் தெரியாது. ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எண் கேட்கும் இடத்தில், ஆதார் எண்ணுக்குப் பதிலாக ஆணையம் தரும் 16 இலக்க விர்ச்சுவல் ஐடியைக் கொடுக்கலாம், வேண்டும்போது மாற்றிக்கொள்ளவும் முடியும். ஹோட்டலில் ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதும். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயப்படுத்தும் வழியை உச்ச நீதிமன்றம் 2018-லேயே அடைத்துவிட்டது. நகல் கொடுத்தே தீர வேண்டும் என்றால், எதற்காக, என்று, யாருக்கு என்பதை முகத்தையும் எண்ணையும் தொட்டுச் செல்லும்படி குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி நகல் எடுப்பார்கள்.

ஓடிபி யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் 80 ஆயிரம் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்ததைத் திறந்தேன், அவ்வளவுதான்.
- வாசகர், சேலம்

அவ்வளவுதானா? அது பத்திரிகை இல்லை, ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு ஃபோனில் செயலியை நிறுவும் கோப்பு. ஃபோன் "தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி, நிறுவலாமா" என்று கேட்டிருக்கும், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் சரி கொடுத்திருக்கிறீர்கள். ஓடிபியை அந்தச் செயலியே படித்து அனுப்பிவிட்டது. உடனே இணையத்தைத் துண்டியுங்கள், வேறு ஃபோனிலிருந்து 1930-ஐயும் வங்கியையும் அழையுங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள், ஃபோனை முழுதாக அழித்து ரீசெட் செய்யுங்கள்.

பணம் திரும்புமா என்பது தனிக் கதை. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. உங்கள் அலட்சியம் என்று நிரூபித்தால், நீங்கள் தெரிவிக்கும் நிமிடம் வரை போனது உங்கள் நஷ்டம்தான். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். அதனால்தான் முதலில் 1930, அழுகை அப்புறம் என்கிறேன்.

ஆதார் கைரேகையை லாக் செய்தால் ரேஷன், ஓய்வூதிய வாழ்நாள் சான்று என்ன ஆகும்?
- வாசகர், நாகர்கோவில்

நல்ல கேள்வி. லாக் செய்தால் கைரேகை, கருவிழி, முகம் மூன்றும் வேலை செய்யாது. 330 என்று பிழை எண் காட்டும். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்தால் சில நிமிடங்களில் தானாகப் பூட்டிக்கொள்ளும். இந்தச் சிரமம் தேவைதான். ஆதார் வழியாகக் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையில் ஓடிபி கிடையாது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைப் பிரதி எடுத்துப் போலி விரல் செய்த கதை தெலங்கானாவில் 2018-லேயே நடந்தது. கடவுச்சொல்லை மாற்றலாம், கட்டைவிரலை மாற்ற முடியுமா?

வாட்ஸ்அப் இரண்டடுக்குச் சரிபார்ப்பு அவசியமா?
- வாசகி, வேலூர்

அவசியம். இன்றே.

சிபிஐ அதிகாரி வீடியோ காலில் "டிஜிட்டல் கைது" என்றார். உண்மையாக இருக்குமோ?
- வாசகர், காஞ்சிபுரம்

அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. வையுங்கள் ஃபோனை.

நான் வாங்காத கடன் என் பெயரில் இருக்கிறது. ஆவணங்கள் இணைப்பில்.
- வாசகர், மதுரை

அடையாளத் திருட்டு பற்றிக் கேட்கும் கடிதத்தோடு பான், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும், யாரும் கேட்காமலே, அனுப்பியிருக்கிறீர்கள். அழித்துவிட்டேன். நீங்களும் அனுப்பிய அஞ்சல் பெட்டியிலிருந்து அழித்துவிடுங்கள்.

கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாகச் சுற்றில் வாங்கினால் வருடம் முழுவதும் கண்காணிப்பு கிடைக்கும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, உங்களுடையது அல்லாததைப் புகார் செய்யுங்கள். போலிக் கடன் பெரும்பாலும் போலி சிம்மோடுதான் வரும். கடன் கொடுத்த நிறுவனம், கடன் தகவல் நிறுவனம் இரண்டுக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, சைபர் குற்றப் புகார் எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள். திருத்தம் 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. தாமாகக் கொடுக்க மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.